சோலோ ஆரம்பித்ததும் பாட்டு எங்கே போய்விடுகிறது?

புதுக்காது

கொஞ்ச நாளாக ஜாஸ் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சொல்கிறார்களே என்று டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் தொடங்கினேன். பிடித்துத்தான் இருந்தது, ஆனால் பின்னணியில் ஓடவிட்டால் இதமாக இருக்கிறது என்பதைத் தாண்டி ஏன் பிடித்தது என்று கேட்டால் பதில் இல்லை. உட்கார்ந்து கவனித்துக் கேட்டால்தான் சிக்கல் வருகிறது. முதலில் ஒரு மெட்டு வரும், அது மனதில் நிற்கும். அப்புறம் ஒருவர் சாக்சஃபோனை எடுத்து ஊத ஆரம்பித்தார் என்றால் மெட்டு போன இடம் தெரியாது, ஆறேழு நிமிடம் கழித்து எங்கிருந்தோ திரும்பி வரும், பாட்டு முடிந்துவிடும். நடுவில் நடந்தது என்ன? மனம்போன போக்கில் வாசிக்கிறார்களா, ஏதாவது கணக்கு இருக்கிறதா?

சாக்சஃபோன்காரர் சார்லி பார்க்கரையும் போட்டுப் பார்த்தேன். மூச்சு முட்டிவிட்டது, நிறுத்திவிட்டேன்.

தயவுசெய்து 'கேட்டே ஆக வேண்டிய நூறு ஆல்பங்கள்' மாதிரி பட்டியல் வேண்டாம். நீங்கள் திரும்பத் திரும்பப் போய்க் கேட்கிற பதிவு எது, அதில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும். 'அனுபவித்துக் கேளுங்கள்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், அதுதான் முடியவில்லை என்கிறேன்.

அடிநாதம்

கணக்கு இருக்கிறது, அதுவும் கறாரான கணக்கு. நீங்கள் ஏற்கெனவே கேட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பாட்டு 'சோ வாட்'டையே எடுத்துக்கொள்வோம், புதிதாக எதுவும் தேட வேண்டாம்.

ஆரம்பத்தில் பியானோவும் பேஸும் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய நரம்புக் கருவி) தயங்கித் தயங்கிப் பேசுவது போல ஒரு முன்னுரை. அது முடிந்ததும் பேஸ் மெட்டை எடுக்கிறது, பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது, கொஞ்ச நேரத்தில் ஊதுகருவிகளும் அந்தப் பதிலில் சேர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து எண்ணுங்கள். நாலு எண்ணிக்கை ஒரு பார், அப்படி எட்டு பார் ஒரு பகுதி, மொத்தம் நான்கு பகுதி. முதல் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். மூன்றாவதில் எல்லோரும் அரைச்சுரம் மேலே ஏறுவார்கள். நான்காவதில் பழைய இடத்துக்கே இறங்கிவிடுவார்கள். இந்த 32 பார்தான் பாட்டு, ஜாஸ்காரர்கள் இதை ஒரு கோரஸ் என்பார்கள். மெட்டு முடிந்தாலும் இந்தச் சுற்று நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் ஒவ்வொருவராக வந்து தன் மெட்டைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். டிரம்பெட்டில் மைல்ஸ் இரண்டு சுற்று, சாக்சஃபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, இன்னொரு சாக்சஃபோனில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. அப்புறம் மறுபடி மெட்டு.

அதனால் தொலைந்துபோனால் சாக்சஃபோனைத் துரத்தாதீர்கள். பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாசிப்பவர் பால் சேம்பர்ஸ். அந்த அரைச்சுர ஏற்றம் அவர் விரலில் நடப்பது தெள்ளத் தெளிவாகக் கேட்கும். அது உங்களுக்குப் பிடிபட்ட அன்றைக்கு சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பது தானாகத் தெரிய ஆரம்பிக்கும். இன்னொரு இடம், மைல்ஸ் சோலோ ஆரம்பிக்கிற நொடியில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒரு அடி அடிப்பார். அதுவரை அடக்கமாக இருந்தவர் அங்கே கதவைத் திறந்துவிடுகிறார். அந்த ஒரு அடிக்காகவே நான் அந்தப் பதிவைப் போட்டதுண்டு.

(இந்தப் பாட்டின் சுர வரிசையை டோரியன் என்று எங்காவது படித்தால் பயப்பட வேண்டாம், சுரங்களை மட்டும் பார்த்தால் நம் கரகரப்பிரியாதான், கமகம் கிடையாது. அதற்கு மேல் ஒப்பிட வேண்டாம், பெரும்பாலான ஜாஸ் பாட்டுகளில் விஷயமே அடியில் மாறிக்கொண்டே போகிற கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இருக்கிறது, அது நம்மிடம் இல்லாத சமாச்சாரம்.)

பழைய ஊசி

அடிநாதம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லோரையும் 1959இல் கொண்டுபோய் இறக்கிவிடுகிற இந்தப் பழக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்பது நிமிடப் பாட்டில் தொலைந்துபோகிறவரிடம் மூன்று நிமிடப் பாட்டைக் கொடுப்பதுதானே முறை? அந்தக் காலத்து 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், வளவளவென்று ஊதிக்கொண்டிருக்க வழியே இல்லை.

லூயி ஆம்ஸ்ட்ராங், 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', சிகாகோ, ஜூன் 28, 1928. பாட்டு அவருடைய குரு கிங் ஆலிவருடையது. முதலில் துணைக்கு யாருமே இல்லாமல் டிரம்பெட் மட்டும் மேலே ஏறி இறங்கி ஒரு பாய்ச்சல் பாய்கிறது, பன்னிரண்டு பதின்மூன்று நொடி இருக்கும், அதற்குப் பிறகு டிரம்பெட் வாசித்தவர்கள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்தார்கள். அப்புறம் 12 பார் சுற்று, மொத்தம் ஐந்தே சுற்று. டிரம்பெட் ஒன்று, டிராம்போன் ஒன்று, மூன்றாவதில் கிளாரினெட் ஒரு வரி வாசிக்க ஆம்ஸ்ட்ராங் வார்த்தையில்லாமல் வாயால் பதில் பாடுகிறார், நான்காவது ஏர்ல் ஹைன்ஸின் பியானோ. ஐந்தாவது சுற்றில்தான் விஷயம். மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட நாலு பார் விடாமல் நிற்கிறார். அடியில் கார்டு மாறுகிறது, இவர் மாறவில்லை. இப்போது விழுமோ அப்போது விழுமோ என்று நீங்கள் காத்திருக்கையில் சரேலென்று பொழிந்து இறங்குகிறார். தொண்ணூறு வருடம் கழிந்தும், அந்தக் கரகரப்புக்கு நடுவிலும், அந்த இடம் என்னை அசைத்துவிடுகிறது.

அடுத்தது சாக்சஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸின் 'பாடி அண்ட் சோல்', 1939. உங்கள் 'மெட்டு எங்கே போனது' கேள்விக்கு நேரடிப் பதில் இதில் இருக்கிறது. மெட்டு முதல் சில பாரில் லேசாகத் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும், மூன்று நிமிடப் பாட்டு முடிகிற வரை திரும்பியே வராது. அப்படியும் தட்டு அமோகமாக விற்றது. மெட்டே வராத பாட்டைச் சாதாரண ஜனங்கள் காசு போட்டு வாங்கியிருக்கிறார்கள் என்றால் நீங்கள் பயப்பட என்ன இருக்கிறது? முதலில் பாடகி பில்லி ஹாலிடே 1940இல் பாடிய 'பாடி அண்ட் சோல்' கேளுங்கள், மெட்டு மனதில் பதியட்டும். அப்புறம் ஹாக்கின்ஸ். பிடித்துப்போனால் கோல்ட்ரேன் 1960இல் பதிவு செய்ததையும் கேளுங்கள். மூன்றும் ஒரே பாட்டு.

புதுக்காது

பழைய ஊசி அண்ணா, அடிநாதம், இருவருக்கும் நன்றி. அந்த அரைச்சுர ஏற்றம் எனக்குக் கேட்டுவிட்டது! கோல்ட்ரேனின் இரண்டாவது சுற்றில் மறுபடி தொலைந்தேன், ஆனால் எவன்ஸ் வந்ததும் வழி கிடைத்துவிட்டது.

ஒரு சந்தேகம். மெட்டே வேண்டாம், அடியில் ஓடும் கார்டு மட்டும் போதும் என்றால், ஒருவருடைய பாட்டின் கார்டை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வேறு மெட்டுப் போட்டுவிட முடியுமே?

அடிநாதம்

அதைத்தான் செய்தார்கள், பெரிய அளவில். கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டுகள் மேல் கட்டப்பட்ட ஜாஸ் பாட்டுகள் எண்ணி மாளாது. டியூக் எலிங்டனின் 'காட்டன் டெய்ல்', சன்னி ராலின்ஸின் 'ஓலியோ', எல்லாம் அதுதான். பார்க்கரின் 'கோ-கோ' என்பது 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் கார்டுகள். காப்புரிமை மெட்டுக்குத்தான், கார்டு வரிசைக்கு இல்லை, அதனால் மெட்டை மாற்றிவிட்டால் பழைய பாட்டின் சொந்தக்காரருக்கு ராயல்டி போகாது. கலை ஒரு பக்கம், காசு ஒரு பக்கம்.

பார்க்கர் மூச்சு முட்டுவதற்குக் காரணம் 'கோ-கோ' மாதிரி வேகத்தில் ஆரம்பிப்பது. 1948இல் பதிவான 'பார்க்கர்ஸ் மூட்' கேளுங்கள். நிதானமான ப்ளூஸ், அதாவது 12 பாரிலேயே சுற்றிச் சுற்றி வரும் பாட்டு. அதே மனிதர், அதே மூளை, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விடுகிறார், நீங்களும் விடலாம். ஜான் லூயிஸின் பியானோ அடக்கமாகப் பின்னால் வரும்.

பின்னட்டை

நான் வேறு மாதிரி ஆள். ஆல்பத்தின் பின்னட்டையில் இரண்டாவது மூன்றாவதாக இருக்கிற பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவேன். முன்னட்டையில் இருப்பவரை உலகமே கொண்டாடும், நமக்கு அங்கே வேலையில்லை.

மேலே பால் சேம்பர்ஸ் பெயர் வந்தது. அவரையே பிடித்துக்கொண்டு போனால் கோல்ட்ரேனின் 1957 'ப்ளூ ட்ரெய்ன்', 1959இன் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', அதே வருடம் பதிவான கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' என்று மூன்று பெரிய ஆல்பங்கள் வந்துவிடும், மூன்றிலும் அவர்தான் பேஸ். முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார்.

'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' தலைப்புப் பாட்டில் பியானோ டாமி ஃபிளானகன். கார்டுகள் அந்த வேகத்தில் அப்படித் தாவுவது அன்றைக்கு யாருக்கும் பழக்கமில்லாத விஷயம். கோல்ட்ரேன் மாதக்கணக்கில் சாதகம் செய்துவிட்டு வந்தவர், பாய்ந்து போகிறார். ஃபிளானகன் சோலோ வரும்போது கவனியுங்கள், ஒன்றிரண்டு வரி வாசித்துவிட்டுத் தடுமாறி, கடைசியில் வெறும் கார்டுகளாக அடித்து ஒப்பேற்றிவிடுகிறார், கோல்ட்ரேன் திரும்ப உள்ளே வந்து காப்பாற்றுகிறார். அப்படியே தட்டில் போட்டு வெளியிட்டார்கள். சாதாரணமாக ஒருவர் இதை மறக்கத்தான் பார்ப்பார். ஃபிளானகன் 1982இல் கோல்ட்ரேன் நினைவாக மூவர் மட்டும் வாசித்த ஒரு ஆல்பம் போட்டு, அதே பாட்டை எடுத்து, அலட்டிக்கொள்ளாமல் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

நான் திரும்பத் திரும்பப் போவது எது என்று கேட்டீர்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வேங்கார்ட் கிளப், ஜூன் 25, 1961, ஞாயிற்றுக்கிழமை. பில் எவன்ஸ், பேஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். மதியமும் இரவுமாக ஐந்து முறை மேடையேறினார்கள், அந்த ஒரு நாளிலிருந்துதான் 'சண்டே அட் த வில்லேஜ் வேங்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இரண்டு ஆல்பமும் வந்தன. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பியானோவும் பேஸும் மட்டும், மூன்று எண்ணிக்கையில், பொம்மைப் பெட்டி திறந்த மாதிரி மெட்டு ஓடும். பிறகு மோஷன் பிரஷ்ஷோடு நுழைவார், நுழைகிற இடத்திலேயே மூன்று எண்ணிக்கை நான்கு எண்ணிக்கையாக மாறிவிடும். மாறியது தெரியாமல் உங்கள் கால் நாலு தட்ட ஆரம்பித்திருக்கும்.

அதுவரை பேஸ்காரர் என்றால் ஒரு பாருக்கு நாலு அடி என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். லஃபாரோ அதைச் செய்ய மாட்டார். பியானோ ஒரு வரி சொன்னால் இவர் குறுக்கே பேசுவார், மேல் ஸ்தாயிக்கு ஓடுவார், சும்மா இருப்பார். யார் முன்னால், யார் பின்னால் என்று பிரிக்க முடியாது. பக்கத்தில் கண்ணாடி டம்ளர்கள் உரசுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம் எல்லாம் பதிவாகியிருக்கிறது, அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. ஜூலை 6ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. எவன்ஸ் அதன் பிறகு பல மாதம் மேடை ஏறவில்லை.

தாளம்தப்பி

பின்னட்டை, ரொம்ப உருக வைக்கிறீர்கள், நடுவில் கொஞ்சம் காற்று வரட்டும்.

பதிவு என்பதே அரைப் பொய்தான், அதுவும் தெரிந்து கேட்டால் இன்னும் சுவாரசியமாக இருக்கும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையே எடுங்கள். மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டியதால் எல்பியின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்றே மேலே நின்றுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அதைத்தான் கேட்டார்கள், தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் கருவியில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள்.

எலிங்டன் குழுவின் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாப் பதிவு இன்னும் மோசம், அதாவது இன்னும் நன்று. 'டிமினுயெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ' என்ற பழைய உருப்படி, இரண்டு பாகத்துக்கும் நடுவே பால் கோன்சால்வஸ் டெனர் சாக்சஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்தார். 27 கோரஸ். 12 பார் ப்ளூஸில் 27 சுற்று, ஆறு நிமிடத்துக்கு மேல், மூச்சுவிடாமல் ஒரே ஆள். பெரிய கரணம் எதுவும் இல்லை, பிடித்த பிடியை விடாமல் உருட்டிக்கொண்டே போகிறார், கூட்டத்தின் இரைச்சல் சுற்றுக்குச் சுற்று ஏறுவதை அப்படியே கேட்கலாம். ஆனால் அவர் வாசித்தது ஆல்பத்தைப் பதிவு செய்த கொலம்பியா கம்பெனியின் மைக்கில் இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில்! அதனால் முதலில் வந்த எல்பியில் டெனர் எங்கோ தூரத்தில் கேட்கும். அது போதாதென்று அந்த ஆல்பத்தின் பல பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்து, கைதட்டலை ஒட்டி, மேடைக் கச்சேரி என்று விற்றார்கள். பிற்பாடு வானொலி டேப் கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999இல் ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள், கோன்சால்வஸ் பக்கத்தில் நிற்கிறார்.

பெரிய தத்துவத்தை எல்லாம் மறந்துவிட்டு இந்த ஒன்றைச் சத்தமாகப் போட்டுக் கேளுங்கள். ஜாஸ் நடனமாடுகிறவர்களுக்காக வாசித்த இசை, உட்கார்ந்து முகவாயைத் தடவுகிறவர்களுக்காக இல்லை.

பழைய ஊசி

தாளம்தப்பி சொல்வதில் பாதிக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆடுவதற்கு வாசித்தார்கள், சரி. 1945இல் பார்க்கரும் டிரம்பெட்காரர் டிஸி கில்லெஸ்பியும் அந்த வேகத்தோடு வந்த பிறகு யார் ஆடினார்கள்?

நள்ளிரவு வானொலி

ஒருத்தர்கூடப் பாடகிகளைப் பற்றி வாயே திறக்கவில்லையே. எழுதுகிறவர்கள் எல்லாம் சாக்சஃபோன் பைத்தியங்கள் போலிருக்கிறது.

புதுக்காது, சோலோ என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு வீடியோவில். 1957 டிசம்பர் 8, சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சி. பில்லி ஹாலிடே ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்து 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடுகிறார், அவருடைய சொந்த ப்ளூஸ். சுற்றி ஊதுகருவிக்காரர்கள். பென் வெப்ஸ்டர், ஹாக்கின்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெர்ரி மல்லிகன் என்று ஆளுக்கொரு சோலோ. நடுவில் டெனர் சாக்சஃபோன்காரர் லெஸ்டர் யங் எழுந்து வருகிறார். உடம்பு சரியில்லாத மனிதர், அன்றைக்கு மற்ற பாட்டுகளில் அவரால் சரியாகக் கலந்துகொள்ளவும் முடியவில்லை. ஒரே ஒரு சுற்று வாசிக்கிறார், 12 பார். மற்றவர்கள் வாசித்ததில் கால்வாசி சுரம்கூட இருக்காது. கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் தலையசைக்கிறார், லேசாகச் சிரிக்கிறார், லெஸ்டர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்த மாதிரி. இருபது வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து எத்தனையோ பதிவு செய்தவர்கள், பில்லிக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தது லெஸ்டர், லெஸ்டருக்கு 'பிரெஸ்' என்று பெயர் வைத்தது பில்லி. 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் பில்லி.

வேகம் புரியாதவர்கள் லெஸ்டரைக் கேளுங்கள் என்பேன். பேச்சு போல வாசிப்பார். சும்மா இருக்கிற இடமும் அவர் வாசிப்பில் சேர்த்திதான்.

அழுகையே வேண்டாம் என்றால் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் (Ella) 1960இல் பெர்லின் மேடையில் பாடிய 'மேக் த நைஃப்'. பாதியில் வரிகள் மறந்துபோகின்றன. நிறுத்தவில்லை, வரி மறந்துவிட்டது என்பதையே அந்தத் தாளத்திலேயே பாடுகிறார், ஆம்ஸ்ட்ராங் குரலில் மிமிக்ரி செய்கிறார், முடிக்கிறார். அதற்கு கிராமி விருது கிடைத்தது.

புதுக்காது

லெஸ்டர் யங் வீடியோ பார்த்தேன். என்ன எழுதுவது என்றே தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். 'பார்க்கர்ஸ் மூட்'டும் பிடிபட்டது. 27 கோரஸை எண்ண முயன்று பதினைந்துக்கு அப்புறம் எண்ணவே தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே. கேட்டால் தப்புத் தப்பாக அடிப்பது போல இருக்கிறது, ஆனால் எல்லோரும் மேதை என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அடிநாதம்

தப்பு இல்லை, அவர் அந்தச் சுரத்தைத்தான் அடிக்க நினைத்தார். பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் சேர்த்து அழுத்துவது வேண்டுமென்றே. ஒரே பாட்டை இரண்டு மூன்று பதிவில் கேட்டால் 'தப்பு' ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மாதிரி விழுவது தெரியும்.

1957 நவம்பர் 29 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் மங்க்கும் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா பதிவு செய்த டேப், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 2005இல்தான் கிடைத்தது. அதுவரை அந்த இருவர் கூட்டணியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, கையில் இருந்ததோ கொஞ்சம் பதிவுதான். ஒலியும் துல்லியம். முதல் பாட்டு 'மங்க்ஸ் மூட்', பெரும்பாலும் பியானோவும் டெனரும்தான், அவசரமே இல்லை. அதை இரண்டு முறை கேட்டுவிட்டு 'எவிடென்ஸ்' போங்கள். அதில் கோல்ட்ரேன் கொட்டுகொட்டென்று கொட்டும்போது மங்க் எங்கே அடிக்கிறார், எங்கே கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

தாளம்தப்பி

அதிலும் 'நட்டி' சத்தமாகப் போட வேண்டிய பாட்டு. சொல்லிவைத்தேன்.